ராக் சக்கர் சுப்ரீம்: தோட்டாவை வீட்டிலேயே மறுநிரப்புவோருக்கான பிரஸ் தொகுப்பு, ஒரு மதிப்பீடு

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீணாக்காமல், அதில் புதிய பிரைமரும் (அடிபட்டதும் தீப்பொறி எழுப்பும் சிறு மூடி) பவுடரும் (எரிந்து குண்டைத் தள்ளும் மருந்து) குண்டும் வைத்து மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்க வேட்டைக்காரர்களிடமும் இலக்குச் சுடுநர்களிடமும் பல தலைமுறைகளாக இருந்துவருகிறது. இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குபவருக்கு அனுபவசாலிகள் பரிந்துரைக்கும் கருவிகளுள் பிரஸ் என்ற கைநெம்பு அழுத்துகருவியும் துணைக்கருவிகளும் அடங்கிய, ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் 'ராக் சக்கர் சுப்ரீம்' தொகுப்புக்கு நெடுநாளாகவே முன்னிடம் உண்டு. பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குப் பயன்படும் என் 308 வின்செஸ்டர் துப்பாக்கிக்கான தோட்டாக்களை இந்தப் பிரஸ்ஸில்தான் செய்துவருகிறேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யும் இதன் நிதானத்தை நான் முழு மனத்துடன் மதிக்கிறேன், துப்பாக்கித் தோட்டா செய்யக் கற்கும் எவரும் இத்தகைய ஒற்றைநிலைப் பிரஸ்ஸில்தான் தொடங்க வேண்டும் என்று கருதுகிறேன். ஆனால் பணம் மிச்சமாகும் என்ற ஒரே எண்ணத்தோடு வாங்குபவருக்கு இது ஏற்றதல்ல. அதற்கான காரணங்களைக் கீழே விளக்குகிறேன்.

சட்டம் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தோட்டா மறுநிரப்புவதற்குக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை, விற்பதற்காகச் செய்தால் உரிமம் கட்டாயம். இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதே குற்றம், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையும் தடுத்திருக்கிறது. ஆகவே இந்த மதிப்பீடு, இத்தொழில் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில் வாழும் வாசகர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

ஆர்சிபிஎஸ் நிறுவனத்தை ஃபிரெட் ஹன்டிங்டன் 1943இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் தொடங்கினார். போர்க்காலத்தில் சிறு விலங்கு வேட்டைக்கான நல்ல குண்டுகள் கிடைக்காததால், சுடப்பட்ட 22 ரிம்ஃபயர் என்ற சிறு தோட்டாக்களின் கூடுகளையே மேலுறையாக்கிக் குண்டு அழுத்தும் டைகளை, அதாவது எஃகு அச்சுகளை, அவர் உருவாக்கினார். அந்த டைகளிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பச்சை நிறக் கருவிகளின் வரிசை. 2024இல் இந்த நிறுவனம், பவுடர் விற்பனையில் பெயர்பெற்ற ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் கைக்கு மாறியது.

தொகுப்பின் உயிர் பிரஸ்தான். வார்ப்பிரும்பில் 'ஓ' வடிவச் சட்டமாக வார்க்கப்பட்ட இதன் உடல், எவ்வளவு அழுத்தினாலும் வாய் விரியாது. திறந்த 'சி' வடிவப் பிரஸ்களில் கை நுழைக்க இடம் அதிகம் என்றாலும், சுட்டதில் விரிந்த பெரிய துப்பாக்கிக் கூடுகளை டைக்குள் தள்ளிப் பழைய அளவுக்குச் சுருக்கும்போது சட்டம் இம்மியளவு வளைவதால் டையும் கூடும் ஒரே நேர்கோட்டில் நில்லாமல் போக வாய்ப்புண்டு. ராக் சக்கரில் அந்தக் கவலை இல்லை. ஒரு அங்குல விட்டமுள்ள உந்துதண்டு நீண்ட துளைக்குள் ஏறி இறங்குவதால் பக்கவாட்டு ஆட்டமும் மிகக் குறைவு. கூட்டு நெம்புகோல் அமைப்பு இருப்பதால், 30-06 போன்ற நீண்ட கூட்டைக்கூட உடம்பு வருந்தாமல் முழுநீளம் சுருக்க முடிகிறது. கைப்பிடியை வலப்பக்கமோ இடப்பக்கமோ மாற்றிப் பொருத்தலாம். டைகளைத் திருகும் மேல்துளை, உலகமெங்கும் வழக்கிலுள்ள எட்டில் ஏழு அங்குல, 14 மரை அளவிலானது. ஆகையால் ஹார்னடி, லீ, ரெட்டிங் என எந்த நிறுவனத்தின் வழக்கமான டையையும் இதில் பொருத்தலாம். இருபது ஆண்டுகள் கழித்து வேறொரு கேலிபருக்கு மாறினாலும் பிரஸ்ஸை மாற்றத் தேவையில்லை.

ஆனால் இந்த வலிமையே ஓர் எச்சரிக்கையையும் கேட்கிறது. நெம்புகோலின் ஆற்றல் அதிகமாக இருப்பதால், மசகு போதாத கூட்டையும் அது டைக்குள் தள்ளிவிடும். பிறகு கூடு உள்ளேயே சிக்கி, அடியின் விளிம்பு கிழிந்துவிடும். கைக்கு வழக்கத்தைவிட எதிர்ப்பு அதிகமாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, கூட்டை வெளியே எடுத்து மீண்டும் மசகு தடவ வேண்டும். மசகை உடலில் மெல்லியதாகத் தடவினால் போதும். கூட்டின் உடல் கழுத்தாகக் குறுகும் தோள்பகுதியில் மிகுதியாகத் தங்கினால், டைக்குள் அடைபட்ட எண்ணெய் பித்தளையைக் குழியாக அமுக்கிவிடும்.

முழுநீளச் சுருக்கு டையைப் பொருத்தும் முறை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கூட்டின் ஆயுள் பெருமளவு இதைப் பொறுத்தது. கூட்டின் அடியைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கி, அதன்பின் இன்னும் சிறிது திருகுங்கள் என்பதே டைகளோடு வரும் பொதுவான அறிவுரை. அது எந்தத் துப்பாக்கியிலும் நுழையும் தோட்டாவைத் தரும் என்பது உண்மை. ஆயினும் நம் துப்பாக்கியில் தோட்டா அமரும் அறை தேவைப்படுத்துவதைவிட அதிகமாகக் கூட்டின் தோள் பின்னுக்குத் தள்ளப்படலாம். அப்படியான கூடு சுடும்போதெல்லாம் முன்னோக்கி நீள்கிறது, மீண்டும் சுருக்கப்படுகிறது, மீண்டும் நீள்கிறது. இழுபட்ட பித்தளை அடிப்பகுதிக்குச் சற்று மேலே மெலிந்து, ஒருநாள் கூடு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் துப்பாக்கியாக இருந்தால், சுடப்பட்ட கூட்டின் தோளை அளவியால் அளந்து, அதிலிருந்து ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு மட்டும் பின்தள்ளும்படி டையை நிறுத்துவதே சிறந்தது. ராக் சக்கரின் விறைப்பு இங்கேதான் தன் மதிப்பைக் காட்டுகிறது, ஒரு முறை நிறுத்திய அளவு கூட்டுக்குக் கூடு மாறுவதில்லை. தோளை அளக்கும் இந்த அளவி தொகுப்பில் வருவதில்லை, தனியே வாங்க வேண்டும். வாங்கும்வரை, முனை வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டு அடிப்பகுதியின் உட்சுவரைத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டாலோ, வெளியே பளபளப்பான வளையம் தெரிந்தாலோ அந்தக் கூட்டை நசுக்கிக் குப்பையில் போட்டுவிட வேண்டும்.

அடுத்தது துலாக்கோல். என் கணிப்பில் முழுத் தொகுப்பிலும் மிக முக்கியமான பொருள் இதுதான். பிரஸ் சுமாராக இருந்தால் தோட்டாவின் துல்லியம் குறையும், துலாக்கோல் தவறினாலோ கையும் கண்ணும் போகும். தோட்டா உலகில் எடையைக் கிரெய்ன் என்ற அலகில் அளக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், அதாவது ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம். தொகுப்பில் வரும் கோல்துலா 500 கிரெய்ன்வரை, கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு நுணுக்கத்தில் நிறுக்கும். மின்சாரமோ பேட்டரியோ வேண்டியதில்லை. விலை மலிந்த மின்னணுத் தராசுகள் சூடேறும்வரை அளவு நகர்ந்துகொண்டே இருக்கும், பக்கத்தில் கைப்பேசி இருந்தால்கூடச் சில தடுமாறும். கோல்துலாவுக்கு அந்தத் தொல்லைகள் இல்லை, ஆனால் காற்று பட்டால் அசையும். மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டு, சமதளத்தில், கண்மட்டத்துக்குச் சரியாக முள் தெரியும் உயரத்தில் வைத்து நிறுப்பவருக்கு இது நம்பகமான கருவி. சரிபார்ப்பு எடைக்கற்களின் தொகுதி ஒன்றைக் கூடவே வாங்கி, ஒவ்வொரு அமர்வையும் அந்தக் கற்களை நிறுத்துப் பார்த்தே தொடங்குங்கள். மெதுவாகத்தான் நிறுக்கும் என்பது குறையே, எனினும் ஆரம்பகாலத்தில் அந்த மெதுவான வேகத்தை நான் நன்மையாகவே காண்கிறேன்.

யூனிஃப்ளோ என்ற பவுடர் அளவி, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரே கொள்ளளவைக் கொட்டும் கருவி. உருண்டை வடிவப் பவுடர்களை இது சீராகக் கொட்டுகிறது. குச்சி வடிவப் பவுடர்களில் நிலைமை வேறு. உருளை சுழலும்போது ஒரு குச்சி வெட்டுப்படும் 'கிறிச்' என்ற உணர்வு கைக்குத் தெரியும், அந்த இழுப்பின் எடை சற்றே மாறும். 308க்குப் பலரும் விரும்பும் பவுடர்கள் குச்சி வகையைச் சேர்ந்தவை என்பதால், தேவைக்குச் சற்றுக் குறைவாக அளவியால் கொட்டிவிட்டு, மீதியைத் துலாத்தட்டில் சிறுகச் சிறுகச் சேர்த்து நிறைவுசெய்வதே முறை. அதற்கு உதவும் டிரிக்லர் என்ற சிறு கருவியின் விலை அதிகமில்லை. வேலை முடிந்ததும் அளவியின் குழாயில் பவுடரை விட்டுவைக்கக் கூடாது. மறுநாள் அது எந்தப் பவுடர் என்ற ஐயம் எழுந்தால், அதை அப்புறப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு பவுடர் எது என்று பார்வையால் மட்டும் உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது. மேசைமேல் ஒரே நேரத்தில் ஒரே ஒரு பவுடர் குப்பி மட்டும் இருக்க வேண்டும் என்பது எல்லாக் கையேடுகளும் வலியுறுத்தும் விதி.

இந்த விதிகளின் கடுமை புரிய வேண்டுமானால் அழுத்தத்தின் அளவைக் கருதிப் பாருங்கள். 308 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான சாமி வகுத்திருக்கும் உச்ச அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடைக்கும் காற்று அதே அலகில் முப்பத்து சொச்சம். அந்த 62,000 முழுவதும் முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் எழுகிறது. எனவே எத்தனை கிரெய்ன் என்ற கேள்விக்கு நண்பரின் நினைவையோ அறிமுகமில்லாதவரின் எழுத்தையோ நம்பாமல், பவுடர் நிறுவனமும் குண்டு நிறுவனமும் சோதித்து வெளியிட்ட அட்டவணையையே நம்ப வேண்டும். தொகுப்போடு வரும், நாஸ்லர் என்ற குண்டு நிறுவனத்தின் கையேடு இவ்வகையில் மிக நல்லது, எனினும் அதன் அளவுகள் நாஸ்லர் குண்டுகளை வைத்துச் சோதிக்கப்பட்டவை. வேறு நிறுவனத்தின் குண்டைப் பயன்படுத்துபவர் அந்நிறுவனத்தின் கையேட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏறுவதும், பிரைமரோ கூடோ குண்டோ மாறினால் மீண்டும் தொடக்க அளவுக்கே இறங்குவதும் கட்டாயம். இந்த மதிப்பீட்டில் எந்தப் பவுடர் அளவையும் நான் குறிப்பிடாததற்கும் இதுவே காரணம்.

ஒற்றைநிலைப் பிரஸ்ஸின் பாதுகாப்பு இங்கேதான் தெளிவாகிறது. ஐம்பது கூடுகளையும் முதலில் சுருக்கி, பிறகு ஐம்பதுக்கும் பிரைமர் பொருத்தி, பிறகு ஐம்பதையும் தாங்குபலகையில் வரிசையாக நிறுத்திப் பவுடர் இடுகிறோம். குண்டு வைக்கும் முன் ஒரு கைவிளக்கை வரிசைகளின்மேல் பிடித்தால், எல்லாக் கூடுகளிலும் பவுடரின் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். 308 போன்ற கூட்டில் பவுடர் பெரும்பகுதியை நிரப்பிவிடுவதால், இரண்டு முறை இட்டால் வெளியே வழிந்துவிடும். கைத்துப்பாக்கிக் கூடுகளில் அந்தக் காப்பு இல்லை. 38 ஸ்பெஷல் போன்றவற்றில் விரைவாக எரியும் பவுடர் கூட்டின் அடியில் சிறிதளவே கிடக்கும், இரட்டை அளவு விழுந்தாலும் உள்ளே அடங்கிவிடும். அதே போலப் பவுடரே விழாத கூடும் ஆபத்தானது. பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலின் நடுவே கொண்டுபோய் நிறுத்திவிட்டால், அடுத்த தோட்டாவைச் சுடும்போது குழல் பிளக்கும்.

மற்றப் பொருள்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கையடக்கப் பிரைமர் கருவி நன்றாக வேலை செய்கிறது. பிரைமர் குழியின் அடியில் சரியாக அமர்வதை விரலால் உணர முடிவது பிரஸ்ஸில் பொருத்துவதைவிட மேலானது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைத் தொடக் கூடாது. கூட்டின் வாயைச் சீவும் கருவி, புனல், ஆலன் சாவிகள், தாங்குபலகை ஆகியவை போதுமானவை. மசகு அட்டை பழைய பாணி, கையாள அழுக்கு. பலரும் விரைவில் மெழுகு வகைக்கு மாறிவிடுகிறார்கள்.

தொகுப்பில் இல்லாதவற்றின் பட்டியல் புதியவரைத் திகைக்கவைக்கக் கூடும். டைகள் இல்லை, ஷெல் ஹோல்டர் இல்லை, நீளத்தை நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் இல்லை, கூட்டின் நீளத்தை வெட்டும் கருவி இல்லை, கூடுகளைத் துலக்கும் இயந்திரமும் இல்லை. இவற்றில் முதல் நான்கும் இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சரியாகச் செய்ய முடியாது. 308 கூடு 2.015 அங்குலத்தைத் தாண்டினால் அதன் வாய் அறையின் முனையில் இடித்துக் குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். ஆகவே வெர்னியரையும் வெட்டுகருவியையும் பின்னர் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கக் கூடாது. தொகுப்பின் விலை கடைக்குக் கடை மாறும். மேற்சொன்னவற்றையும் சேர்த்தால் செலவு மேலும் பாதி கூடும் என்று கணக்கிட்டுக்கொள்வது நல்லது. கடைக்காரர்கள் இதை முன்கூட்டியே சொல்வதில்லை. என்னிடம் முழுமையான தொகுப்பு என்று சொல்லி விற்ற கடையிலும் ஷெல் ஹோல்டரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இனிச் செலவுக் கணக்கு. 2020க்கு முன்பு ஒரு பிரைமர் மூன்று நான்கு சென்டுக்குக் கிடைத்தது. அதன்பின் வந்த தட்டுப்பாட்டில் விலை பல மடங்கு ஏறியது, பழைய விலைக்கு இன்னும் திரும்பவில்லை. பித்தளைக் கூட்டை மறுபடி மறுபடி பயன்படுத்துவதால் ஒரு தோட்டாவின் அடக்கவிலை கடைவிலையைவிடக் குறைகிறது என்பது உண்மையே, குறிப்பாகத் தரமான வேட்டைத் தோட்டாவோடு ஒப்பிடும்போது. ஆனால் மான் வேட்டைக்கு மட்டும் துப்பாக்கியை எடுப்பவருக்கு ஆண்டுக்குத் தேவைப்படுவது ஒன்றிரண்டு பெட்டித் தோட்டாக்கள்தாம். அவர் கருவிகளுக்குப் போட்ட பணம் திரும்ப நெடுங்காலம் ஆகும். மாதந்தோறும் சுடுதளத்துக்குச் செல்பவருக்கே கணக்குச் சரிக்கட்டும், அவரும் நடைமுறையில் மிச்சமானதை வைத்து இன்னும் அதிகமாகச் சுடுவார்.

அப்படியானால் எதற்காக வாங்க வேண்டும்? என் துப்பாக்கிக்கு எது பொருந்துகிறது என்பதைக் கண்டறியும் உரிமைக்காக என்பேன். ஒரே எடையுள்ள குண்டை ஒரே பவுடரோடு, அளவைச் சிறிது சிறிதாக மாற்றிச் சுட்டுப் பார்க்கும்போது, இலக்குத்தாளில் துளைகள் விரிவதும் நெருங்குவதும் கண்ணெதிரே நடக்கிறது. வேட்டையில் இது நேர்மையோடு தொடர்புடைய விஷயம். குண்டு எங்கே படும் என்று உறுதியாகத் தெரிந்தவர் மட்டுமே விலங்கைத் துன்புறுத்தாமல் வீழ்த்த முடியும். பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குத் தன்னியக்கமாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களுக்கு அனுமதி கிடையாது. அதனால் முதல் குண்டின்மேல் அக்கறை கொள்ளும் பழக்கம் இங்கே இயல்பாகவே வேரூன்றியிருக்கிறது.

இரண்டாவது காரணம் ஈயம். வேட்டையாடிய மானின் குடலை அகற்றிக் காட்டிலேயே விட்டுவரும்போது, ஈயக்குண்டின் நுண்சிதறல்களும் அதோடு கிடக்கின்றன. அதைத் தின்னும் வெண்தலைக் கழுகுகள் நஞ்சேறி இறக்கின்றன. 1982இல் வெறும் 22 பறவைகளாகக் குறைந்துபோன கலிஃபோர்னியக் காண்டோர் கழுகுக்கும் ஈயமே பெரும் பகை. கலிஃபோர்னியா 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவை முழுவதுமாகத் தடைசெய்தது. மறுநிரப்புபவருக்குச் செம்புக் குண்டுக்கு மாறுவது எளிது. செம்பின் அடர்த்தி ஈயத்தைவிடக் குறைவு என்பதால் அதே எடையுள்ள செம்புக் குண்டு நீளமாக இருக்கும், கூட்டுக்குள் அதிக இடம் பிடிக்கும், குண்டைச் சுழலவைக்கும் குழலின் உட்புரி முறுக்கும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஆகவே ஈயக் குண்டுக்கான அளவைச் செம்புக் குண்டுக்குப் பயன்படுத்தவே கூடாது, அதற்கென வெளியான அட்டவணையைத் தேடி எடுக்க வேண்டும். என் துப்பாக்கிக்குக் கொஞ்சம் எடை குறைந்த செம்புக் குண்டே பொருந்தியது.

மாற்றுக் கருவிகளையும் சொல்ல வேண்டும். லீ நிறுவனத்தின் 'கிளாசிக் லோடர்' ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கும், சுத்தியலே அதற்குப் பிரஸ். அது கழுத்தை மட்டும் சுருக்குவதால் அதே துப்பாக்கியில் சுட்ட கூடுகளுக்கே பொருந்தும். விலை பத்தில் ஒரு பங்கு என்பதால், இந்தப் பொழுதுபோக்கு தமக்கு ஒத்துவருமா என்று அறிய விரும்புவோருக்கு அது நியாயமான தேர்வு. மறுபுறம், ஆயிரக்கணக்கில் கைத்துப்பாக்கித் தோட்டா வேண்டியவருக்கு ராக் சக்கர் சலிப்பூட்டும். டில்லன் போன்ற நிறுவனங்களின் புரோகிரஸிவ் பிரஸ்களில் ஒவ்வொரு நெம்பலிலும் பல நிலைகள் ஒருசேர நடக்கின்றன. அவற்றில் கவனம் பல இடங்களில் சிதறுவதால், முதலில் ஒற்றைநிலையில் பழகாதவரிடம் நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வைப்பிடம் பற்றியும் வாங்கும் முன்னே முடிவுசெய்ய வேண்டும். அமெரிக்கத் தீத்தடுப்பு விதித்தொகுப்பின்படி வீட்டில் புகையில்லாப் பவுடரை அதன் மூலக் குப்பிகளிலேயே 20 பவுண்டுவரையும், பிரைமர்களை 10,000 வரையும் வைத்திருக்கலாம். உள்ளூர் விதி இன்னும் கடுமையாக இருக்கக்கூடும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுடப்பட்ட பிரைமரின் கரியில் ஈயம் உண்டு. சமையலறை மேசையில் இந்த வேலையைச் செய்யலாகாது, வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது, குழந்தைகள் தவழும் இடத்தில் கூடுகளைக் கொட்டிப் பிரிக்கவும் கூடாது.

பழைய பிரஸ் வாங்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. வார்ப்பிரும்பு எளிதில் தேயாது என்பதால் ராக் சக்கரைப் பழையதாக வாங்குவது பெரும்பாலும் நல்ல பேரமே. உந்துதண்டை மேலேற்றிப் பக்கவாட்டில் அசைத்து ஆட்டம் பாருங்கள், அடித்தளத்தில் விரிசல் தேடுங்கள், டை திருகும் மரை சிதையாமல் இருக்கிறதா என்று ஒரு டையைத் திருகியே பாருங்கள். துலாக்கோலைப் பழையதாக வாங்கினால் கத்திமுனையில் துருவோ மழுங்கலோ இருக்கிறதா என்று பார்த்து, எடைக்கல்லை நிறுத்து உறுதிசெய்த பின்னரே பணம் கொடுங்கள். திறந்த பவுடர் குப்பிகளையும், பிறர் வீட்டில் நிரப்பிய தோட்டாக்களையும் விற்பவர் இலவசமாகவே கொடுத்தாலும் ஏற்காதீர்கள்.